முடியுமா? கூடுமா?

"பாசிபிளா?" என்று ஒரு நாளில் எத்தனை முறை கேட்கிறோம்! ஓசூர் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் நிற்பவரும் கேட்கிறார். மகளின் கல்யாணத்துக்குக் கடன் கேட்டுப் போனவரும் கேட்கிறார். மாலையில் மலையேறி, சந்திரசூடேஸ்வரர் சந்நிதியில் நின்று, தமிழர் 'ஆகுமா?' என்கிறார். கன்னடர் 'ஆகுத்தா?' என்கிறார். தெலுங்கர் 'அவுதுந்தா?' என்கிறார். கேள்வி ஒன்றுதான்.

அந்த ஆங்கிலச் சொல்லின் பூர்விகம் என்ன தெரியுமா? 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்த சொல் அது. மூலம் இலத்தீன். 'பொட்டிஸ்' என்றால் வல்லவன். 'எஸ்ஸே' என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்து 'பொஸ்ஸே' ஆகி, அதிலிருந்து 'பாசிபிள்' பிறந்தது. அந்தப் பொட்டிஸ், வடமொழியின் 'பதி'க்கு உடன்பிறப்பு என்பது மொழியியலார் முடிவு. ஆம், பசுபதி என்கிறோமே, அதே பதிதான்! 'எஸ்ஸே'வும் நம் 'சத்' என்ற சொல்லுக்கு உறவு. ஆக, அந்தச் சொல்லின் உள்ளே இருப்பது 'தலைவனாய் இருத்தல்'.

இப்போது யோசியுங்கள். "எல்லாம் என்னால் முடியும்" என்று மார்தட்டுவதும், "என்னால் முடியவே முடியாது" என்று இடிந்துபோவதும் ஒன்றுதான். இரண்டிலும் பதியின் இடத்தில் அமர்ந்து நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அப்படியானால், 'எல்லாம் அவன் செயல்' என்று சும்மா இருந்துவிடலாமா?

இதற்குத் தமிழில் ஓர் அருமையான சொல் உண்டு: 'கூடும்'. பல சேர்ந்தால்தான் ஒன்று கூடும். அதனால்தான் 'காரியம் கைகூடியது' என்கிறோம்.

பாரூர் பெரிய ஏரியைப் பாருங்கள். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை எல்லாம் கடந்து நெடுங்கல் அணைக்கட்டுக்கு வரவேண்டும். அங்கிருந்து கால்வாயில் திரும்பினால்தான் பாரூர் ஏரி நிறையும். எங்கோ பெய்கிற மழை, பாரூர் உழவர் கையில் இல்லை. ஆனால், தன் வயலுக்கு வரும் வாய்க்காலில் மண்டிய புதரை வெட்டுவது அவர் கையில்தான் இருக்கிறது. வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், ஏரி நிரம்பியும் வயல் காயும்.

மழையைப் பற்றி 'என் கையில் இல்லை' என்பது பணிவு. வாய்க்காலைப் பற்றி அப்படிச் சொல்வது சோம்பல். இரண்டையும் பிரித்தறிவதே பக்தி.

அடுத்த முறை சந்நிதியில் நிற்கும்போது, 'முடியுமா?' என்று கேட்பதற்கு முன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்: என் வாய்க்காலை வெட்டிவிட்டேனா? வெட்டியிருந்தால் கவலையை அவனிடம் விட்டுவிடுங்கள். கூட்டி வைப்பவன் அவன்!