வெள்ளிக்கிழமையின் பெயர் என்ன?

டானியல் டீஃபோ 1719இல் எழுதிய 'றொபின்சன் குரூசோ' நாவலைப் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் கூடித் தொலைக்காட்சித் தொடராக்கின; அது 1964இல் ஒளிபரப்பாயிற்று. தனியொருவன் தன் கையுழைப்பினால் ஒரு தீவையே வாழ்விடமாக்கிய கதையில் மயங்காதார் யார்? உழைப்பின் பெருமையை நாமும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் நாவலில் குரூசோ யார்? பிரேசிலில் தோட்ட முதலாளி. தோட்டத்துக்கு அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்ட பயணத்திலேதான் அவன் கப்பல் உடைந்தது. தீவில் தான் காப்பாற்றிய மனிதனின் பெயரை அவன் கேட்டானில்லை. 'வெள்ளிக்கிழமை' எனத் தானே பெயரிட்டான். தன்னை 'எஜமான்' என்றழைக்கக் கற்பித்தான்.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாழும் நமக்கு இது புதியதன்று. அங்கே எஜமான், இங்கே துரை. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார் என்று நம் மாணவர் மனனம் செய்கின்றனர். காடு வெட்டியவர், கொழுந்து பறித்தவர் பெயர்களை யார் கேட்டார்?

அத்தொடர் வெளியான அதே ஆண்டில், ஒக்டோபர் 30, வெள்ளிக்கிழமையன்று, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 மலையக மக்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் முடிவாகும்! அம்மக்களின் சம்மதம் கேளாமலே இக்கணக்கு முடிந்தது.

பிறன் பெயரைக் கேளாதிருப்பது வெறும் மறதியன்று. அவன் உழைப்பையும் வாழ்வையும் நம் விருப்பப்படி பங்கிடுவதற்கு அதுவே முதற்படி. குரூசோவின் கதையை நம் பிள்ளைகள் படிக்கட்டும், பார்க்கட்டும். முடிவில் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்போம்: அந்த மனிதனுக்குத் தாய் இட்ட பெயர் யாது?