வல்லமையும் மென்மையும்

மனிதனுக்கு வல்லமை இரு வழியாக வந்தெய்துகின்றது. ஒன்று, பல்லாண்டு பயின்று, தவறித் திருந்தி, தன்னுள்ளே வளர்த்துக்கொள்வது. மற்றொன்று, பணம் கொடுத்தோ பதவி பெற்றோ ஒரே நாளிற் கைக்கொள்வது. முன்னதில் வல்லமை வளருந்தோறும் அதனை அடக்கியாளும் அறிவும் உடன் வளர்கின்றது. பின்னதிலோ வல்லமை முதலில் வந்துவிடுகின்றது. அறிவு பின்னர் வந்து சேரவேண்டும். அவ்வறிவு வந்து சேருமுன் நேரும் கேட்டிற்கு யார் பொறுப்பாளி? கைக்கு வந்த வல்லமையை ஒருவன் தன் மனம் போனவாறு பயன்படுத்தலாமா? இவ்வினாக்கள் ஆட்சியாளர்க்கும் செல்வர்க்குமே உரியவை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒரு பழைய மோட்டார் வண்டி அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்திற் கிராணி. பெரட்டுக் கணக்கும் சம்பளப் பட்டியலும் எழுதுவது என் தொழில். ஏழாண்டு சேமித்த பணத்தைக்கொண்டு புரோட்டோன் சத்திரியா ஜி.டி.ஐ. என்னும் வண்டியொன்றைப் பழையதாக வாங்கினேன். சத்திரியா என்றால் மலாய் மொழியில் வீரன் என்பது பொருள். 1990-களின் இறுதியில் நம் நாட்டிலே வெளிவந்த வண்டி அது. 1.8 லிட்டர் இயந்திரம்; ஏறக்குறைய 140 குதிரைச் சக்தி; எடையோ ஒரு டன்னைச் சற்றே மிஞ்சியது; ஐந்து கியர்களையும் கையாலேயே மாற்றவேண்டும். 1996-ஆம் ஆண்டில் புரோட்டோன் கம்பெனி ஆங்கில நாட்டு லோட்டஸ் கம்பெனியைத் தன்வசமாக்கியிருந்தது. பந்தய வண்டிகளுக்குப் பேர்போன அந்த லோட்டஸின் பொறியாளர்களே இவ்வண்டியின் ஓட்டப்பாங்கைச் செப்பனிட்டவர்கள். என் லைசென்ஸோ 'டி' வகுப்பு. கியர் வண்டி ஓட்டத் தகுதியுடையவன் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு, இனிக் கற்க என்ன இருக்கிறது என்று இறுமாந்திருந்தேன்.

வண்டி வாங்கிய இரண்டாம் வாரம். மாலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பட்டணத்திலிருந்து என் அன்னையாரை அழைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். தோட்ட முகப்பை நெருங்குமுன் சாலை இடப்புறமாக வளைகின்றது. நாள்தோறும் கண்ட வளைவுதானே என்று வேகத்தைக் குறைக்காமலே புகுந்தேன். பாதி வளைவில் அச்சம் பற்றிக்கொண்டது. எண்ணெய்ப் பெடலிலிருந்து காலைச் சட்டென எடுத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டியின் முன்புறம் அமிழ்ந்தது. பின்புறம் இலேசாகி வெளிப்பக்கம் வீசிற்று. வண்டி சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்புறப் புல்லில், கால்வாய்க்கு ஒரு முழம் இப்பால் நின்றது. அரை நிமிடத்திற்கு முன்னர் அதே எதிர்ப்புறமாக ஒரு தொழிலாளி மோட்டார் சைக்கிளில், தம் சிறு மகளை முன்னே அமர்த்திக்கொண்டு, எங்களைக் கடந்து போயிருந்தார்.

எவர்க்கும் காயமில்லை. அன்னையார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால், அன்று முதல் என் வண்டியில் ஏறும்போதெல்லாம் அவருடைய ஒரு கை முன்பலகையை இறுகப் பற்றிக்கொண்டேயிருந்தது.

மறுநாள் காப்பிக் கடையில் நண்பர்கள் பலவாறு ஆறுதல் கூறினர். "மழைச் சாலை, என்ன செய்வது?" என்றார் ஒருவர். "தலைவிதி நன்றாயிருந்தது, தப்பினீர்" என்றார் மற்றொருவர். விதி என்னும் சொல் மிக வசதியானது. தப்பினாலும் அதன் அருள். மாய்ந்தாலும் அதன் செயல். ஓட்டியவன் பெயர் எங்கும் வருவதில்லை. ஆனால், இயற்கை இவ்வாறு கணக்கெழுதுவதில்லை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டர் கடக்கின்றது; ஆபத்தைக் கண்டவன் காலைத் தூக்கிப் பிரேக்கின்மேல் வைப்பதற்குள்ளேயே அத்தொலைவு போய்விடுகின்றது. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகின்றது. இதனைப் பள்ளியிற் படித்துத் தேர்வும் எழுதினேன். படித்தது என் காலுக்கு எட்டவில்லை. மழை பெய்வது மழையின் இயல்பு. அதற்கேற்ப ஓட்டாதது என் குற்றம். எவ்வளவு எண்ணிப் பார்த்தும் வேறு முடிவு கிடைக்கவில்லை.

எங்கள் தோட்டம் கித்தா மரங்களாயிருந்த காலத்தில் பால் லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர் இன்னும் லயத்தில் இருக்கின்றார். அவரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, பரிவு காட்டவுமில்லை. பால் லாரியைப்பற்றிச் சொன்னார். தொட்டி நிறைந்திருந்தால் உள்ளிருக்கும் பால் அசைய இடமில்லை. பாதி நிறைந்திருந்தாலோ, பிரேக்கை அழுத்தினதும் பால் அத்தனையும் முன்னே ஓடி வண்டியைத் தள்ளும். வளைவிலே ஒருபுறம் ஏறிக் கவிழ்க்கப் பார்க்கும். மெல்ல மிதித்து, மெல்லத் திருப்பி, மெல்ல விடுபவன்தான் அந்த லாரியை ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். "கிராணி தம்பி, உங்க வண்டியிலேயும் பால் இருக்கு, கண்ணுக்குத் தெரியாத பால். அது எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு மிதிங்க" என்றார். வண்டியின் கனம் ஒரு சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைக் குறித்து ஆங்கில நூல்களிற் பல பக்கங்கள் படித்திருக்கின்றேன். அவற்றின் சாரம் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில், ஆளில்லாத வெற்றுத் திடலில் அவர் எனக்குப் பாடஞ் சொன்னார். முதற்பாடம், எண்ணெய்ப் பெடலைத் தொடாமலே, கிளட்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியை நகர்த்துவது. அன்று பன்முறை இயந்திரம் நின்றுபோயிற்று. கிளட்ச் எவ்விடத்திற் பற்றுகின்றது என்பதைக் கால் அறிந்துகொள்ள மூன்று வாரமாயிற்று. அடுத்த பாடம், கியரைக் கீழிறக்குவது. என் வாழ்வில் நான் கற்ற அறநூல் இதுவே என்று சொன்னால் நேயர்கள் நகைக்கலாம். ஆயினும் சற்றே செவிசாய்க்குமாறு வேண்டுகிறேன்.

கிளட்ச் என்பது, வேறு வேறு வேகத்திற் சுழலும் இரண்டு பகுதிகளை ஒன்றுசேர்க்கும் கருவி. ஒரு பகுதி இயந்திரத்தைச் சார்ந்தது. மற்றொன்று சக்கரங்களைச் சார்ந்தது. மூன்றாம் கியரில் இயந்திரம் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றுகொண்டிருக்கிறது என்று கொள்வோம். அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கினால் அது ஏறக்குறைய 4,500 முறை சுழல வேண்டும். இடையிலுள்ள 1,500 சுற்றினை எவரேனும் கொடுத்தே ஆகவேண்டும். கிளட்சை விடுமுன் ஓட்டுபவன் எண்ணெய்ப் பெடலை ஒரு கணம் தட்டினால், இயந்திரம் தானே அதனைக் கொடுத்துவிடும். கியர் மாறியது பக்கத்தில் இருப்பவர்க்குத் தெரியாது. அவன் கொடாவிட்டால், அது சக்கரங்களிடமிருந்து பிடுங்கப்படும். வண்டி குலுங்கும், உள்ளிருப்போர் தலை முன்னே சாயும், ஈரச்சாலையாயின் சக்கரங்கள் பிடியையே இழக்கும். தான் செலுத்த வேண்டிய கடனைச் செலுத்தாதவன் அதனைப் பிறர்மேற் சுமத்துகிறான் என்பதுதான் அக்குலுக்கலின் பொருள்.

1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் வண்டிகளில் சின்க்ரோமெஷ் என்னும் அமைப்பு முதன்முதலாக வந்தது. கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று சேருமுன் அவற்றின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் அமைப்பு அது. அதற்கு முன்னர், தவறு செய்தவன் பற்கள் அரைபடும் ஓசையை அக்கணமே கேட்டான். இப்பொழுது ஒரு பித்தளை வளையம் நம் தவற்றை ஓசையின்றித் தாங்கிக்கொள்கின்றது, ஆண்டுக்கணக்கிற் தேய்கின்றது, முடிவில் ஒருநாள் கியர் விழ மறுக்கின்றது. பொறுத்துக்கொள்பவர் ஒருவர் இருப்பதாலேயே நாம் தவறு செய்யவில்லை என்று ஆகிவிடுமா?

வளைவைப் பற்றியும் ஒரு சொல். ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. நான்கு உள்ளங்கைகளின் பிடியிலே நம் உயிரும் எதிரே வருபவர் உயிரும் தொங்குகின்றன. அப்பிடி மாதச் சம்பளம் போன்றது, அளவுக்குட்பட்டது. பிரேக்கிற்கு முழுதும் செலவிட்டவனுக்குத் திரும்புவதற்கு மீதம் இராது. ஆகவே, வளைவுக்கு முன்னே, வண்டி நேராக ஓடும்போதே, வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். கியரையும் மாற்றி முடித்துவிட வேண்டும். பின்னரே திருப்ப வேண்டும். வளைவின் மறுமுனை கண்ணுக்குப் புலப்பட்ட பிறகே எண்ணெயை மெல்லச் சேர்க்க வேண்டும். கண்டு நிறுத்தக்கூடிய தூரத்திற்கு மேற்பட்ட வேகம் எந்த வீரனுக்கும் உரியதன்று. பிரேக்கை மிதித்திருக்கும் வலக்காலின் ஓரத்தாலேயே எண்ணெய்ப் பெடலையும் தட்டும் வித்தையொன்று உண்டு. அது எனக்குக் கைவர, அன்று, கால்வர, பல மாதங்கள் சென்றன. திடலிற் பழகி முடியும்வரை அதனைப் பொதுச்சாலையில் முயலலாகாது என்று பெரியவர் கண்டிப்பாகக் கூறியிருந்தார்.

மென்மை என்பது ஆற்றலற்றோர் இயல்பு என்று நினைக்கும் இளைஞர்க்கு ஸ்காட்லாந்து நாட்டு ஜாக்கி ஸ்டூவர்ட் அவர்களின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். 1969, 1971, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளில் மோட்டார்ப் பந்தயத்தின் உலகப் பட்டம் பெற்றவர் அவர். 1968-இல், மழையும் மூடுபனியும் சூழ்ந்த ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில், அடுத்து வந்தவரைவிட நான்கு நிமிடத்திற்கு மேல் முந்தி வென்றார். அத்தகையவர் பிற்காலத்தில் வண்டியோட்டக் கற்பித்தபோது, வண்டியின் முன்மூடியில் ஒரு கிண்ணத்தைப் பொருத்தி அதிலே ஒரு பந்தை இட்டார். பந்து வெளியே விழாமல் விரைந்து ஓட்ட வேண்டும் என்பதே பாடம். நம் பெரியவரின் பாலும் அவருடைய பந்தும் ஒன்றையே போதிக்கின்றன. 1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில், மழையில் வண்டி தடம்புரண்டு, பெட்ரோல் கசிந்து உடலை நனைக்க, வெளிவர இயலாமற் சிக்கிக் கிடந்தார் ஸ்டூவர்ட். அதன் பின்னர்ப் பந்தயங்களிற் பாதுகாப்பு வேண்டுமென ஓயாது போராடினார். அதனைக் கோழைத்தனம் என்று ஏளனம் செய்தவரும் உண்டு. உலகின் மிக விரைவான ஓட்டுநர் ஒருவர் தம் கூட்டாளிகளின் உயிருக்காக அவ்வேளனத்தை ஏற்றுக்கொண்டார்.

இங்கே ஒரு தடை எழலாம். "அவ்வளவு அடக்கம் வேண்டுமாயின் அவ்வளவு வேகமுள்ள வண்டி எதற்கு? சிறு வண்டியொன்றை வாங்கி ஓட்டினால் ஆகாதா?" நியாயமான கேள்வி. பலர்க்கு அதுவே தக்க வழி; நாணத்தக்க வழியன்று. ஆயினும், முன்பு என்னிடமிருந்த சிறு வண்டியில் நான் ஒருபோதும் விரைந்தோட்டியதில்லை என்பது என் நற்குணத்தாலன்று; அதனால் விரைந்தோட இயலாமையால். வண்டியின் இயலாமையை என் ஒழுக்கம் என்று எண்ணி ஏமாந்திருந்தேன். வல்லமையற்றவனுடைய அடக்கம் இன்னும் சோதிக்கப்படவில்லை, அவ்வளவே. ஆனால், அச்சோதனையின் செலவைப் பிறர் தலையிற் சுமத்தும் உரிமை எனக்கில்லை. நம் நாட்டுச் சாலைகளில் மாய்வோரிற் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளிற் செல்வோரே. நம் தோட்டத்து இளைஞர்களும் பட்டணத்துத் தொழிலாளர்களும் அவர்களுள் அடங்குவர். அவர்களைச் சுற்றி இரும்புச் சுவர் இல்லை. என் பயிற்சிக்கு அவர்கள் சம்மதம் கொடுத்தவரும் அல்லர். திடலிற் கற்றுச் சாலையில் அடங்குவதே நேர்மை.

இன்னொன்றும் ஒளிக்காமற் கூறவேண்டும். கிளட்சைப்பற்றி எண்ணிக்கொண்டே ஒருநாள் காலைப் பெரட்டில் நின்றேன். பத்து நிமிடம் பிந்தி வந்த ஒரு தொழிலாளியின் பெயரைக் காரணம் கேளாமல் அரைநாள் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அப்பேனாவும் ஒரே நாளிற் கைக்கு வந்த வல்லமைதான். ஒரு கேள்வி கேட்கும் சிறு முயற்சியை நான் செலவிடாவிட்டால், அதன் குலுக்கல் அவர் வீட்டு அடுப்பு வரை போய்ச் சேரும். கேட்டேன். இரவெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார். அன்று எழுதாமற்போன அரைநாட்களுக்கு முன்னே, கேளாமல் எழுதிய அரைநாட்கள் எத்தனையோ என் நினைவுக்கு வந்தன. அவற்றை இனித் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

நேயர்களே! அதிகாரமோ, செல்வமோ, கல்வியோ, வண்டியோ, எவ்வடிவில் வல்லமை வந்தபோதிலும், அதனை உடையவனை அளக்க நான் அறிந்த அளவுகோல் ஒன்றே: அவன் பக்கத்தில் இருப்பவர் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள்.

சென்ற மாதம் மீண்டும் ஒரு மழை மாலையில் அன்னையாரை அழைத்துக்கொண்டு அதே சாலையில் வந்தேன். வளைவுக்கு முன்னே வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியருக்கு இறங்கி, மெல்லத் திரும்பினேன். அவர் என்ன நினைக்கின்றார் என்று அறிய ஓரக்கண்ணாற் பார்த்தேன். இரு கைகளும் மடியில் இருந்தன. உறங்கிப்போயிருந்தார்.