மாநக்கவாரத்துக் கணக்கு

கணக்கெழுதிச் சீவிப்பவர்கள் நாம். ஒரு பக்கத்தில் குறைந்தது மறுபக்கத்தில் கூடினால் ஐந்தொகை சமப்பட்டுவிடும். அதற்கு மேல் எமது தொழில் அதிகம் கேள்வி கேட்பதில்லை. ஆனால் வங்காள விரிகுடாவின் தென்கிழக்கு மூலையில் உள்ள ஒரு தீவுக்குக் கடந்த சில ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் கணக்கைப் பார்க்கும்போது, சமப்பட்டது என்பதனால் மட்டும் ஒரு கணக்கு சரியாகிவிடுமா என்று கேட்கத் தோன்றுகிறது. இக்கேள்வி சூழலியல் அறிஞருக்கு மட்டும் உரியதன்று. சொந்தக் காணியை விட்டு வந்தவர்களும், பிறர் காணியிலே வந்து குடியேறியவர்களுமான எமக்கும் இதிலே பங்குண்டு.

தீவின் பெயர் பெரிய நிக்கோபார். எமது வாசகர்களுக்கு இது முற்றிலும் அந்நியமான இடமல்ல. இராஜேந்திர சோழனின் தஞ்சாவூர்க் கல்வெட்டிலே மாநக்கவாரம் என்று குறிக்கப்படுவது இந்தத் தீவுகள்தாம். ஏறத்தாழ 910 சதுர கிலோமீற்றர் பரப்பு, பெரும்பாலும் மழைக்காடு. 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 8,069 பேர் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் ஷொம்பென் எனப்படும் காட்டுவாழ் மக்கள் 229 பேர். கரையோரத்தில் நிக்கோபாரிகள் வாழ்கின்றனர். 1969 முதல் கம்பெல் பே என்னும் பகுதியில் இந்திய அரசு குடியேற்றிய முன்னாள் படைவீரர் குடும்பங்களும் உண்டு. அவர்களுள் தமிழரும் அடங்குவர்.

இந்தத் தீவிலே ஆண்டுக்கு 1 கோடி 42 இலட்சம் கொள்கலன்களைக் கையாளும் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரம் ஆகியவற்றை அமைக்க 166 சதுர கிலோமீற்றர் எடுக்கப்படுகிறது. ஆரம்பத்தில் சொல்லப்பட்ட செலவு 72,000 கோடி ரூபா. முப்பது ஆண்டுகளில் மூன்றரை இலட்சம் பேர் அங்கு வாழ்வர் என்பது திட்டத்தின் கணிப்பு. 2022 நவம்பரில் சுற்றாடல் அனுமதி வழங்கப்பட்டது. 2023 ஏப்ரலில் இந்தியாவின் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியைத் தள்ளிவிட மறுத்து, சில விடயங்களை மீண்டும் ஆராய ஒரு குழுவை மட்டும் அமைத்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். திட்டத்துக்காக விடுவிக்கப்படும் காடு ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர். அரசு தரப்பிலே சொல்லப்பட்ட தொகைகளின்படியே எட்டரை இலட்சத்திலிருந்து ஒன்பதரை இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள் வரை விழலாம். இதற்கு ஈடாக எங்கே மரம் நடப்போகிறார்கள் தெரியுமா? ஹரியானாவில். தில்லிக்குப் பக்கத்தில் உள்ள, கடலையே காணாத, வறண்ட ஹரியானாவில். இந்தியச் சட்டத்தில் இதற்கு இடமுண்டு. காடழித்தால் வேறெங்காவது காடு வளர்க்கலாம். ஒரு பதிவு குறைய மற்றொரு பதிவு கூடுகிறது. கணக்காய்வாளர் கையொப்பமிடத் தடையில்லை.

எமது ஆலயங்களை எண்ணிப் பாருங்கள். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தை வெட்டிவிட்டு, அதற்குப் பதிலாகப் பஞ்சாப்பில் நூறு மாங்கன்று நடுகிறோம் என்று ஒருவர் வந்தால், எமது பொதுக்கூட்டத்தில் அதை யாராவது பிரேரிப்பார்களா, ஆமோதிப்பார்களா? நூறு ஒன்றை விடப் பெரிய எண் என்பது எமக்குத் தெரியாததல்ல. தலவிருட்சம் என்பதில் விருட்சம் பாதிதான், தலம் மறுபாதி. மழைக்காடும் அப்படித்தான். அந்த மரத்தை அண்டி வாழும் குரங்கும், இலைகுழைகளையும் மண்ணையும் மேடாகக் குவித்து அதன் சூட்டிலே முட்டை பொரிக்கவிடும் மெகாபோட் பறவையும் ஹரியானாவுக்குப் போகமாட்டா.

பவளப்பாறைக் கணக்கு இன்னும் விசேடமானது. 20,668 பவளக் கூட்டங்கள் எண்ணப்பட்டு, அவற்றுள் 16,150 இடம் மாற்றப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். கடலுக்கு அடியில் உள்ளதை ஒற்றை இலக்கம் வரை எண்ணியவர்களை நாம் மெச்சத்தான் வேண்டும். ஆனால் எண்கள் துல்லியமாக இருக்கும் இடத்தில்தான் அனுபவமுள்ள கணக்காய்வாளர் கொஞ்சம் நின்று பார்ப்பார். துறைமுகம் வரவிருக்கும் கலத்தியா விரிகுடா, ஏழுவரி ஆமை முட்டையிடும் கரை. ஆமைகளுக்காகவே சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்த அந்த விரிகுடாவின் சரணாலயத் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. அந்தமானிலே செய்மதிக் கருவி பூட்டி விடப்பட்ட இதே இன ஆமைகளுள் சில, ஆபிரிக்காவின் மொசாம்பிக் பக்கமாகவும், சில நாம் வாழும் இந்நாட்டின் மேற்குக் கரைப் பக்கமாகவும் நீந்திச் சென்றிருக்கின்றன. ஆக, எமது கடலுக்கும் அந்த மணலுக்கும் தொடர்பு இல்லையென்று சொல்வதற்கில்லை.

மரத்தையும் பவளத்தையும் விடக் கடினமானது சம்மதக் கணக்கு. 2022 ஓகஸ்டில் நிக்கோபாரிகளின் பழங்குடிச் சபை ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்தது. மூன்று மாதங்களில் அதை மீளப் பெற்றுக்கொண்டது. தமது மூதாதையர் கிராமங்களும் திட்டத்துக்குள் வருவதைத் தமக்குச் சரியாக விளக்கவில்லை என்பது அவர்களின் முறைப்பாடு. அந்தக் கிராமங்கள் இன்று வெறுமையாகத்தான் கிடக்கின்றன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் உயிர் தப்பியவர்கள் கம்பெல் பே அருகே குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். திரும்பிப் போக விடுங்கள் என்று அன்றிலிருந்து கேட்கிறார்கள். வரைபடத்தில் ஆளில்லாத நிலம் என்று தெரிவது, திரும்ப விடாமல் வைத்திருந்ததனால் ஆளில்லாமற் போன நிலம்.

இதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய சனம் எத்தனை ஆண்டு தம் வீட்டுக் கிணற்றைப் பார்க்காமல் இருந்தது! உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த காணியையும் வெற்றுக் காணி என்றுதான் சொல்ல முடிந்தது. இன்றும் அது முழுவதுமாக உரியவர் கைக்கு வந்து சேரவில்லை. எம்மிடம் உறுதியாவது இருந்தது. ட்ரங்குப் பெட்டியில், பொலித்தீன் பையில் சுற்றி, கடல் கடந்தும் கொண்டு வந்தோம். ஷொம்பென் மக்களிடம் உறுதியும் இல்லை, நொத்தாரிசும் இல்லை. ஆட்சேபனை எழுதவோ மீளப் பெறவோ அவர்களுக்கென ஒரு சபையும் இல்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்தியாவின் கப்பல் மாற்றுச் சரக்குகளில் நான்கில் மூன்று பங்கு கொழும்பு, சிங்கப்பூர், கிளாங் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்களில் கையாளப்படுகிறது. மலாக்கா நீரிணைக்குப் போகும் கடற்பாதை அந்தத் தீவுக்குக் கிட்டவே செல்கிறது. ஒரு நாடு தனக்குத் துறைமுகம் வேண்டும் என்று நினைப்பது குற்றமல்ல. கம்பெல் பேயில் வாழ்வோர் நல்ல வைத்தியசாலையும் ஒழுங்கான கப்பற் சேவையும் கேட்பதும் நியாயமே. ஷொம்பென் மக்களை இடம்பெயர்க்கமாட்டோம், தீவின் பெரும்பகுதிக் காடு அப்படியே இருக்கும் என்றும் அரசு சொல்கிறது. இரண்டு கார் நிற்கும் வீட்டிலிருந்துகொண்டு பிறருக்கு அபிவிருத்தி வேண்டாம் என்பது எமக்குச் சுலபம் என்று யாராவது சொன்னால், அதில் உண்மை உண்டு.

ஆனாலும் ஒன்று. வைத்தியசாலைக்கு மூன்றரை இலட்சம் பேர் தேவையில்லை. இருநூற்றுச் சொச்சம் மக்களை இடம்பெயர்க்கத் தேவையுமில்லை, பக்கத்திலே ஒரு நகரத்தைக் கொண்டு வந்தாலே போதும். 1858 இல் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியேற்றம் வந்தபோது பெரிய அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அம்மையும் பிற நோய்களும் பரவின. இன்று ஐம்பது பேரளவில் எஞ்சியுள்ளனர். பழைய துறைமுகம் நட்டத்தில் ஓடினால் மூடிவிடலாம், இன்னொன்றைக் கட்டலாம். ஒரு மொழியின் கடைசிப் பேச்சாளர் போனபின் எந்த ஒதுக்கத்திலிருந்து எடுத்து அதை ஈடு செய்வது?

சங்கடமான இன்னொரு விடயத்தையும் தொடவேண்டும். 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர், அதே நிக்கோபார்க் கூட்டத்தில் உள்ள கச்சால் தீவில் இறப்பர்த் தோட்டத்துக்காகக் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் அந்தத் தீவைக் கேட்டுப் போகவில்லை. இரு அரசுகள் எழுதிய பட்டியலில் இருந்த பெயர்கள் அவை. இருந்தும் காடு வெட்டப்பட்டது அங்குள்ள நிக்கோபாரிகளின் காடுதான். பிடுங்கப்பட்டவன் கையாலேயே மற்றொருவன் நிலம் பிடுங்கப்படும் இந்த வழமை எமது சரித்திரத்திலும் உண்டு என்பதை ஒளிப்பதில் பயனில்லை.

இந்நாட்டிலும் நாம் அப்படித்தான் நிற்கிறோம். சிட்னியின் மேற்கே தாருக் மக்களின் நிலம். மெல்பேர்ணில் வுருண்ட்ஜெரி, பூனுரொங் மக்களின் நிலம். விழா மேடையில் அவர்தம் மூத்தோருக்கு வணக்கம் கூறிவிட்டுத்தான் வரவேற்பு நடனத்துக்குப் போகிறோம். அந்த வணக்கம் வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு மேர் தீவின் கதையைச் சொல்லிக் கொடுக்கலாம். டொரஸ் நீரிணையில் உள்ள அந்தச் சிறு தீவைச் சேர்ந்த எடி மாபோவும் மற்றவர்களும் 1982 இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992 ஜூன் 3 இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மாபோ அதற்குச் சில மாதங்கள் முன்னரே காலமாகிவிட்டார். அரசு எழுதிக் கொடுத்த உறுதி இல்லாமலே உரிமை இருக்க முடியும் என்று அன்று இந்நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டும் என்ன, 2020 மே மாதத்தில் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளாக மனிதர் பயன்படுத்திய குகைகளை ரியோ டின்டோ சுரங்கக் கம்பனி இரும்புத்தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. சட்டப்படி அனுமதி பெற்றே அது செய்யப்பட்டது. கடுதாசிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

நிக்கோபாருக்கு நாம் என்ன செய்யமுடியும் என்று கேட்பீர்கள். அதிகமில்லை. ஆனால் மன்னார்த் தீவு எமக்குக் கிட்ட. 2025 ஓகஸ்டில் அங்கே சனங்கள் காற்றாலைகளுக்கும் இல்மனைட் மணல் அகழ்வுக்கும் எதிராக வீதியில் இருந்து போராடினார்கள். அந்த மணலுக்காக ஆய்வுத் துளைகள் இட்ட கம்பனி ஒன்று அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவானது. மன்னாருக்குக் கவலைப்பட்டு, மாநக்கவாரத்துக்கு வாய் திறக்காவிட்டால், எமது கவலை மண்ணைப் பற்றியதா, எமது மண்ணைப் பற்றியது மட்டுமா என்று மற்றவர் கேட்பது தப்பாகாது.

கடைசியாகத் தொழில் சார்ந்த ஒரு தகவல். 2022 முதல் இந்நாட்டின் சுப்பரனுவேஷன் நிதியங்கள் தாம் எந்தெந்தக் கம்பனிகளில் முதலிட்டுள்ளன என்ற பட்டியலை ஆண்டுக்கு இருமுறை தமது இணையத்தளத்தில் வெளியிடவேண்டும். உங்கள் நிதியத்தின் பட்டியலை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். நீளமானதுதான். துறைமுகம், சுரங்கம், கனிய மணல் என்று தேடினால் நேரம் மிச்சமாகும். வாசிப்பதில் சிரமம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அன்னதானம் நடக்கும் வேளையில் கொண்டு வாருங்கள், இருந்து பார்க்கலாம்.