முத்துச் சிப்பியும் முன்கணிப்பும்

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தில், முத்துப்பார்களைக் குளிப்புக்குத் திறக்குமுன் பிரித்தானிய ஆட்சியாளர் ஒரு முறையைக் கையாண்டனர். பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றிற் கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, குளிப்புப் பயன்தருமா என முடிவு செய்தனர். அம்மதிப்பீடு பாரினைப் பற்றிய உண்மை. அரிப்புக் கரையில் ஒருவன் கையிலிருந்த தனிச் சிப்பியினுள் முத்து உண்டா என்பதை அது சொல்ல வல்லதன்று.

நோய்பற்றிய முன்கணிப்பும் இத்தன்மைத்தே. கோர்டோமா என்னும் அரிய கட்டி இதற்குச் சான்றாகும். கருவில் முள்ளந்தண்டுக்கு முன்னோடியாய் அமையும் முதுகுநாணின் எச்சத்தினின்று அது தோன்றும். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவரையே பற்றும். 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி மன்னார் மாவட்ட மக்கள்தொகை ஓர் இலட்சத்தை அண்மியது. அவ்வீதப்படி பத்தாண்டுக்கு ஒருவர் இங்கு இந்நோய்க்கு ஆளாகலாம். அவருக்கு உரைக்கப்படும் எண்ணோ, தொலைவிலுள்ள மருத்துவமனைகளிற் பல்லாண்டு திரட்டப்பட்ட பிறர் வரலாற்றினின்று பெறப்படுவது.

இன்றைய ஆய்வாளர் கட்டியினுட் புகுந்த நோயெதிர்ப்புக் கலங்களையும் எண்ணுகின்றனர். ரி நிணநீர்க்கலங்கள் மிகுந்திருப்பின் ஆயுள் நீளக்கூடும் என்பது புற்றுநோய்கள் பலவற்றிற் கண்ட செய்தி. ஆயின் புகுந்த கலமெல்லாம் போரிடுவதில்லை; சில சோர்வுற்றிருக்கும்; பெருவிழுங்கிகளுட் சில கட்டிக்கே துணைபோகும். அரிய நோயில் ஆராயப்படுவோர் தொகையும் சிறிதாதலின், எச்சரிக்கை மேலும் வேண்டற்பாலது.

அவ்வாறாயின், அவ்வெண்ணை நோயாளிக்கு உரைத்தல் அறமா, மறைத்தல் அறமா? மறைத்தலே கருணை என்பர் சிலர். பேசாலையில் வள்ளம் ஒன்றையே உடைமையாகக் கொண்ட ஒருவரை எண்ணிப் பார்த்தல் தகும். அரச மருத்துவம் இலவசமாயினும், ஏறக்குறைய 300 கிலோமீற்றர் கடந்து மகரகமையில் தங்குதற்குப் பணம் வேண்டும். வள்ளத்தை விற்பதா, பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வதா என்பதை உண்மை அறியாதவர் எங்ஙனம் தீர்மானிப்பார்?

வெற்றெண்ணை மட்டும் கூறுதலும் முழு உண்மையன்று. 1982இல் வேறோர் அரிய புற்றுநோய்க்கு ஆளான அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட், அந்நோயாளரின் இடைநிலை ஆயுட்காலம் எட்டு மாதமே எனக் கண்டார். பாதிப்பேர் அதற்கப்பாலும் வாழ்ந்தனர் என்பதே அதன் பொருள் எனத் தெளிந்தார். 2002 வரை வாழ்ந்தார். எல்லோரும் அவ்வாறு வாழ்வர் எனல் பொய். எவரும் வாழார் எனலும் பொய்யே.

ஆகவே மருத்துவர் எண்ணை உரைப்பதோடு, அது எத்தனை பேரைக் கொண்டு பெறப்பட்டது, எதனைச் சொல்ல இயலாதது என்பவற்றையும் உரைத்தல் கடன். வள்ளத்தைப் பற்றிய தீர்மானம் அப்பொழுதுதான் நோயாளியினுடையதாகும்.