பொன் கேட்ட மன்னனுக்கு வந்த பீங்கான்

பொன் செய்யத் தெரியும் என்று இளமையில் சொன்ன சொல்லுக்காக யோகான் ஃபிரீட்ரிக் போட்கரைப் பல ஆண்டுகள் காவலில் வைத்திருந்தான் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ். பொன் கடைசிவரை வரவில்லை. அறிஞர் சிர்ன்ஹவுஸ் அவரை மண்ணின் பக்கம் திருப்பினார். கல்லாய் இறுகிய செந்நிறப் பாண்டம் முதலில் வந்தது. 1708-இல் வெள்ளைப் பீங்கான். 1710-இல் மைசன் கோட்டையில் ஆலை எழுந்தது.

உடன் வேலை செய்த ஒருவர் சொல்லிவைத்த காட்சியில் என் மனம் அடிக்கடி போய் நிற்கும். மன்னன் பார்த்திருக்க, சூளையிலிருந்து தணலாய்ச் சிவந்த தேநீர்க் கெண்டியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். பெரும் சத்தம். உடைந்துவிட்டது என்கிறான் மன்னன். போட்கர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கைவிடுகிறார். கெண்டி முழுசாக வருகிறது.

அந்தத் திடம் நெருப்பில் கிடைத்தது. ஈரத்தையும் உள்ளிருந்த இடைவெளிகளையும் இழந்து, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கிய பிறகே இந்த மண் ஒளியைத் தன் வழியே விடுகிறது. அடியவர்கள் வேண்டிய பக்குவம் இதுதானோ என்று நினைத்துக்கொள்வேன்.

மன்னனோ பக்குவப்படவில்லை. பொன்னாசை பீங்கானாசை ஆயிற்று. 1717-இல் 600 குதிரை வீரர்களைப் பிரஷ்ய மன்னனுக்குக் கொடுத்து 151 பீங்கான்களை வாங்கினான். மனிதர்களைக் கொடுத்துப் பாண்டம் வாங்கியதை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

சேகரிப்பவர் எவருக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் அதே வேட்கை ஒருவரை அமைதிக்கும் கொண்டுசேர்க்கும். தேர்ந்த கை கெண்டியின் மூடியை முதலில் எடுத்துத் தனியே வைக்கும். பிடியைப் பற்றித் தூக்காது. அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஏந்தும். மைசனின் குறுக்கு வாள் முத்திரை 1720-களில்தான் வழக்குக்கு வந்தது. அதற்கு முந்தைய கெண்டியை மெருகின் நிறம், கனம், மூக்கின் வளைவு பார்த்தே அறிய வேண்டும். அப்படிப் பார்க்கும் நேரத்தில் மனத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. எனக்குத் தெரிந்த நல்ல தியானங்களில் இதுவும் ஒன்று.

நுனி உடைந்த மூக்குக்கு வெள்ளிப் பூண் கட்டிய பழங்கெண்டிகள் உண்டு. யாரோ ஒருவர் அதைத் தூக்கிப் போடாமல் தட்டானிடம் கொண்டுபோயிருக்கிறார். அவர் பெயர் எதிலும் இல்லை. குறையற்ற கெண்டிகள் நிறைந்த அலமாரியிலும் நான் முதலில் தேடுவது அந்தப் பூணைத்தான்.