காணாமையும் இன்மையும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்தே மருத்துவன் செயற்படவேண்டும் என விதிக்கின்றது. இம்மூன்றனுள் காரணம் மட்டும் புலப்படாதவிடத்து அவனது கடமை யாது? இது மருத்துவ நுட்பம் பற்றிய வினா மட்டுமன்று. அறிவும் அறமும் சந்திக்குமிடத்தில் எழும் வினா. இதய வால்வுகளைப் பற்றும் கிருமித்தொற்று இதனைக் கூர்மையாக எழுப்புகின்றது.

இந்நோயில் வால்வின்மீது படியும் குருதிக்கட்டியினுள் கிருமிகள் ஒடுங்கிப் பெருகுகின்றன. அவை வால்வை அரிக்கும். பெயர்ந்து செல்லும் துணுக்கு மூளையின் குருதிக்குழாயை அடைக்கவும் கூடும். தக்க மருந்தின்றேல் மரணம் ஏறத்தாழ உறுதி. நோயாளியின் குருதியை வளர்ப்பூடகத்திலிட்டுக் கிருமியை வளர்த்து இனங்காண்பதே வழமை. ஆயினும், சிலரது குருதியில் எதுவும் வளர்வதில்லை. அதற்கு முதன்மையான காரணங்கள் இரண்டு.

முதலாவது, குருதி எடுக்குமுன்னரே கொடுக்கப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி. காய்ச்சலைக் கண்டு இரங்கிக் கொடுத்த சில வேளை மருந்து நோயை வேரறுக்காது. சான்றை மட்டும் மறைத்துவிடும். ஆதலின், வெவ்வேறு முறை ஊசியேற்றி மூன்று தடவையேனும் குருதி எடுத்தபின்னரே மருந்து தொடங்குவது நெறியாயிற்று. நிலைமை மோசமானவரிடத்து இவற்றை விரைவாக எடுத்து உடனே மருந்து தொடங்கலாம். ஏனையோரிடத்துச் சிறிது காத்திருக்கலாம். அறிவும் இரக்கமும் இயல்பாகப் பகையல்ல. வரிசை தவறும்போதே அவை பகையாகின்றன.

இரண்டாவது, சாதாரண ஊடகத்தில் வளராத கிருமிகள். இங்கு பாட்ட மீமாம்சகரின் கருத்தொன்று துணைபுரியும். காணாமையையும் ஓர் அளவையாக அவர்கள் கொண்டனர். எனினும், இருந்திருந்தாற் காணப்பட்டிருக்கும் என்ற நிலையிலேயே காணாமை இன்மையை நிறுவும் என்றனர். பகலொளியில் தரையிற் குடம் காணப்படாவிடின் குடம் இல்லை எனலாம். இருளில் அவ்வாறு கூறுதல் பொருந்தாது. இயற்கையில் உயிர்க்கலங்களினுள் மட்டுமே பெருகும் கொக்சியெல்லாவுக்குச் சாதாரண வளர்ப்பூடகம் இருளே. ‘வளரவில்லை’ என்ற அறிக்கையை ‘கிருமி இல்லை’ என வாசிப்பவர் அளவையை மீறுகின்றார்.

அக்கிருமியின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1935இல் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனில் இறைச்சிக்கூடத் தொழிலாளரிடையே காரணம் புலப்படாத காய்ச்சலொன்று காணப்பட்டது. அதனை ஆராய்ந்த எட்வேட் டெறிக், ‘வினா’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு ‘கியூ காய்ச்சல்’ எனப் பெயரிட்டு 1937இல் வெளியிட்டார். பொய்யான விடையொன்றைத் தேடாது வினாவையே பெயராக்கினார். அதே ஆண்டில் பேர்னெற்றும் ஃபிறீமனும் கிருமியை விவரித்தனர். அது இதய வால்விலும் நீடித்து வாழும் என்பது பின்னர் தெளிவாயிற்று. இன்று குருதியிலுள்ள எதிர்ப்பொருளை அளந்தும், அகற்றிய வால்வில் கிருமியின் மரபுப்பொருளைத் தேடியும் அதனை இனங்காண்கின்றனர்.

1994இல் வெளிவந்து, 2000இலும் 2023இலும் திருத்தப்பட்ட டியூக் அளவுகோல்கள், ‘உறுதியானது’, ‘விலக்கப்பட்டது’ என்பவற்றுக்கிடையே ‘இருக்கக்கூடியது’ என்றொரு வகையையும் வைத்துள்ளன. ஐயத்துக்கும் முறையான இடம் அளித்தமை அவற்றின் சிறப்பு.

உறுதியின்றி மருந்து கொடுப்பது நேர்மையோ எனச் சிலர் வினவலாம். தவறான ஊகத்தின் விலை சிறிதன்று: வழமையாகச் சில வாரங்களில் முடியும் சிகிச்சை, கொக்சியெல்லாவாயின் வேறு மருந்துகளுடன் பதினெட்டு மாதமேனும் நீளும். ஆயினும், உறுதிக்காகக் காத்து நோயாளியை இழப்பதும் ஒரு செயலே, அதற்கும் பொறுப்புண்டு. நேர்மையற்றது ஊகித்தலன்று, ஊகத்தை உண்மையென நோயாளிக்கும் தனக்கும் சொல்லிக்கொள்ளுதலே. அறியாததை அறியாததாகவே குறித்துவைத்து, இயன்றதைச் செய்து, மேலும் தேடுபவனே குறள் விதித்த ஆராய்ச்சியைக் கைவிடாதவன் ஆவான்.