'தெரியாது' என்பது பதிலாகுமா?



ஒருவர் தம் ஆட்டின் மீது பாசம் வைத்திருக்கிறார். அது நோயுற்றதும் பதறிப்போய், தலையை அண்ணாத்திப் பிடித்து மருந்தை ஊற்றுகிறார். மருந்து மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் போய்விடுகிறது. ஆடு இறந்துவிடுகிறது. அவருடைய எண்ணம் நல்லதுதான். அப்படியானால் அவர் மீது பொறுப்பு இல்லையா?

எண்ணத்தைப் பொறுத்தே கூலி என்பதை நாம் அறிவோம். அதே மார்க்கம்தான், மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்றும் கற்றுத் தருகிறது. கற்க வழி இருந்தும் கற்காதவர், 'தெரியாது' என்று சொல்லித் தப்ப முடியாது.

ஓர் ஒட்டகம் கண்ணீர் வடித்தபோது, உரிமையாளர் அதைப் பட்டினி போட்டு அதிகம் வேலை வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் அறிந்துகொண்டார்கள். நமக்கு அந்த முஃஜிஸா இல்லை. வாயில்லா ஜீவனின் முறையீட்டைக் கேட்க நமக்குள்ள வழி, கையால் தொட்டுப் பார்த்துக் கற்பதுதான்.

ஆட்டின் பெரிய இரைப்பை இடப்பக்கம் இருக்கிறது. அந்த விலாவில் கை வைத்தால் நிமிடத்துக்கு ஓரிரு முறை அது அசைவது தெரியும். அசைவு நின்று, முரசுபோல் விம்மியிருந்தால் உப்புசம். சில மணி நேரத்தில் உயிர் போகலாம். கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் குடற்புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கக்கூடும். நலமான ஆட்டின் உடல் வெப்பமே சுமார் 39 டிகிரி செல்சியஸ். மருந்து புகட்டும்போது தலை சமமாக இருக்க வேண்டும். கடைவாய் ஓரமாக மெல்ல ஊற்ற வேண்டும்.

இதெல்லாம் ஆலிமுக்கும் படித்தவருக்கும் உரிய வேலையா என்று சிலர் நினைக்கலாம். ஓர் இளைஞர் ஆட்டின் தோலை உரிக்கத் தெரியாமல் சிரமப்பட்டார். நபி (ஸல்) அவர்கள் அவரை ஒதுங்கச் சொல்லி, தோலுக்கும் இறைச்சிக்கும் இடையே தம் கையை அக்குள்வரை நுழைத்துச் செய்து காட்டினார்கள். பிறகு அப்படியே சென்று மக்களுக்குத் தொழுவித்தார்கள். மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்கள் அவர்கள்.

குர்பானியும் இந்த அறிவைக் கேட்கிறது. தெளிவாகத் தெரியும் கண் குறை, நோய், நொண்டுதல், மிகுந்த மெலிவு உள்ள பிராணி ஆகாது. பல்லைப் பார்த்து வயதறியத் தெரியாதவர், விற்பவரின் சொல்லை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். அறுத்த பின்பும் பாருங்கள். ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் இருந்தால் நாய்க்குப் போடாமல் ஆழப் புதையுங்கள். அவை நாயின் வழியாக மனிதருக்கும் நோயாகத் திரும்பும்.

எல்லோரும் கால்நடை மருத்துவராக வேண்டியதில்லை. மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் கற்றால் மற்றவர் மீதுள்ள கடமை நீங்கும், ஒருவருமே கற்காவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். ஆனால் நோயின் அடையாளத்தை அறிந்து காலத்தில் மருத்துவரிடம் கொண்டுபோவது, வளர்ப்பவர் ஒவ்வொருவர் மீதும் உள்ள அமானிதம். கால்நடை மருந்தகத்திலும், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் உழவர் பயிற்சி மையங்களிலும் கேட்டுக் கற்கலாம். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.

ஒரு பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் முடிவு நமக்குத் தெரியும். நம் கொட்டிலில் நிற்பவற்றைப் பற்றியும் நாளை மறுமையில் கேட்கப்படுவோம்.

அறிவோடு கூடிய இரக்கத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.